ஒத்திகையில்லா அரங்கேற்றம்

தோழர்களே!

படையெடுத்து வந்தார் எவருமில்லை. பகைவன் வீசிய குண்டு எதுவுமில்லை. புயல் இல்லை, பூகம்பம் இல்லை. எனினும் 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19-ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று, உலகின் பல நாடுகளில் வானூர்திகள் தரையைவிட்டு எழ மறுத்தன. மருத்துவமனைகளில் நோயாளர் பதிவேடுகள் திறக்க மறுத்தன. பிரிட்டனின் ஸ்கை நியூஸ் தொலைக்காட்சி காலை ஒளிபரப்பை நடத்தவியலாமல் திகைத்தது. கணினித் திரைகள் நீலம் பூத்து நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலோ, பயணிகளுக்கு இருக்கைச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர் ஊழியர். விண்ணிலே பறக்க வந்தவன் கையிலே பேனா மையால் எழுதிய துண்டுச் சீட்டு! விந்தையன்றோ?

இந்த விந்தையைப் புரிந்தவன் எவன்? கன்னக்கோல் ஏந்திய கள்வனா? பகை நாட்டு ஒற்றனா? அல்லன், தோழர்களே, அல்லன்! கள்வன் புகாமல் காக்கும்படி கூலி கொடுத்து அமர்த்திய காவலாளி! அவன் கைத்தடிதான் வீட்டுக்காரன் மண்டையிலேயே விழுந்தது.

அந்தக் காவலாளியின் பெயர் கிரவுட்ஸ்ட்ரைக். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்து ஆசுடின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். ஃபால்கன் என்னும் அதன் காவல் நிரல், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகளில், கூடத்தில் அல்ல, திண்ணையில் அல்ல, இயக்கத்தின் கருவறையிலேயே அமர்ந்து காவல் புரிவது. புதுப்புதுச் சூழ்ச்சிகளை இனம் காண்பதற்கான குறிப்புகளை, நிறுவனம் சிறுசிறு கோப்புகளாக அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருக்கும். அன்று அனுப்பிய கோப்பு 291 என்னும் எண்ணுக்குரியது. நம் கடிகாரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு அது புறப்பட்டது. தவறு தெரிந்து, 10 மணி 57 நிமிடத்துக்குத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட நேரம் 78 நிமிடம். கொட்டகையில் படம் பார்க்கப் போனவன் இடைவேளை மணி கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது!

முடிந்தது எவ்வளவு? 85 இலட்சம் கணினிகள் வீழ்ந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் இது நூற்றில் ஒன்றுகூட இல்லையென்றும் அதே நிறுவனம் கூறியது. உண்மைதான். ஆனால் அந்த நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவை எங்கே இருந்தன? விமான நிலையத்தில், மருத்துவமனையில், வங்கியில், அரசு அலுவலகத்தில்! டெல்டா என்னும் அமெரிக்க விமான நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 7,000 பயணங்களைக் கைவிட்டது. 50 கோடி டாலர் இழப்பு என்று கணக்குச் சொன்னது.

கோப்பைத் திரும்பப் பெற்றார்களே, கணினிகள் எழுந்தனவா? இல்லை. எய்த அம்பு நாணுக்குத் திரும்புமோ? வீழ்ந்த கணினி, புதுக் கோப்பை வாங்கிக்கொள்ளும் நிலையிலேயே இல்லை. பல இலட்சம் கணினிகளை ஊழியர் ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று, பாதுகாப்பு நிலையில் திறந்து, அந்தக் கோப்பைக் கையாலேயே அழிக்க வேண்டியதாயிற்று. தள்ளிவிட ஒரு கட்டளை போதுமாயிருந்தது. தூக்கிவிட ஆயிரமாயிரம் கைகள் வேண்டியிருந்தன!

பிழை எது, குற்றம் எது?

நிறுவனம் பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கையே காரணத்தைக் கூறியது. 21 செய்திகளை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கோப்பு கட்டளையிட்டது. கணினியிலிருந்த நிரலோ 20 செய்திகளை மட்டுமே எடுத்து வைத்திருந்தது. இருபது இலை போட்ட பந்தியிலே, இருபத்தோராவது இலையில் சோறு படை என்றால் என்னாகும்? இல்லாத இலையைத் தேடி நிரல் கைநீட்டியது. எட்டாத இடத்தைத் தொட்டது. கருவறையில் இருந்தவனாதலால் தானும் வீழ்ந்து, கட்டடத்தையும் வீழ்த்தியது. கோப்பைச் சரிபார்க்கும் நிரலும், 21 செய்திகளும் இருக்கும் என்று நம்பி, 'சரி' என்று முத்திரை குத்திவிட்டது.

இது பிழை. மனிதர் செய்யும் பிழை. எழுதுகிறவன் எவனுக்கும் நேரும். அதற்காக எவரையும் தூற்ற நான் பேனாவை எடுக்கவில்லை. நான் கேட்பது வேறு.

பிழை ஒன்று, அது சரி. அந்த ஒரு பிழை, ஒரே நேரத்தில், உலகெங்கும் உள்ள எல்லா வாயில்களையும் தட்டியது எப்படி? முதலில் நூறு கணினிகளுக்கு அனுப்பி, அவை மூச்சு விடுகின்றனவா என்று பத்து நிமிடம் பார்த்திருந்தால், நூறோடு நின்றிருக்குமே! எண்பத்தைந்து இலட்சமாகப் பெருகியிருக்குமா? எழுத்திலே நேர்ந்தது பிழை. எல்லோர் தலையிலும் ஒருங்கே கொட்டியதுதான் குற்றம்!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றாள் நம் பாட்டி. அவள் கல்லூரி கண்டவளல்லள், கணினி கண்டவளல்லள். ஆயினும் பந்தியில் பரிமாறுவதற்கு முன்னே, அகப்பையில் ஒரு சோற்றை எடுத்து, விரலிடையில் நசுக்கிப் பார்க்கத் தெரிந்தவள். அந்த ஒரு சோற்றைப் பார்க்க மறந்தது, ஆயிரக்கணக்கான பொறியாளர் கொண்ட நிறுவனம்.

வாய்க்காலும் மதகும்

மென்பொருள் உலகத்தார் இந்தப் பதம் பார்க்கும் கலையை அறியாதவர்களா? நன்கறிந்தவர்கள். அதற்கென்றே வெளியீட்டுச் 'சேனல்' என்றொரு முறையை வகுத்திருக்கிறார்கள். சேனல் என்றால் வாய்க்கால். ஏரி நிறைந்துவிட்டதென்று கரையையா வெட்டிவிடுகிறான் உழவன்? மதகைச் சிறிது தூக்குகிறான்; தலைவாய்க்காலில் நீர் ஓடுவதைப் பார்க்கிறான்; வரப்பு தாங்குகிறதா என்று பார்க்கிறான்; பிறகுதான் கிளை வாய்க்கால், அதன்பின் கடைமடை.

கூகுளின் குரோம் உலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கானரி, டெவ், பீட்டா, ஸ்டேபிள் என்று நான்கு வாய்க்கால்கள். நேற்று எழுதியதை இன்றே பார்க்கத் துணிந்தோர்க்கு முதல் வாய்க்கால். அலுவலகத்தில் அமைதியாக வேலை பார்க்க விரும்புவோர்க்கு நான்காவது. முதல் மூன்றிலும் வெளிப்பட்ட குறைகளைக் களைந்த பின்னரே நான்காவதில் நீர் வரும்.

டெபியன் என்றொரு இயக்குதளம் இருக்கிறது. 1993-இல் தொடங்கியது, தன்னார்வத் தொண்டர்கள் கூடி உருவாக்குவது, முதலாளி எவருமில்லை. அங்கே 'நிலையற்றது', 'சோதனையிலிருப்பது', 'நிலையானது' என்று மூன்று கட்டங்கள். நிலையற்றதற்கு அவர்கள் வைத்திருக்கும் நிலைத்த பெயர் சிட். டாய் ஸ்டோரி என்னும் படத்தில் பொம்மைகளை உடைத்துத் தள்ளும் குறும்புச் சிறுவனின் பெயர் அது! 'இங்கே வந்தால் உடையும், தெரிந்துகொண்டு வா' என்று வாயிலிலேயே எழுதி வைத்திருக்கும் நேர்மையைப் பாருங்கள். உள்ளே வந்த பொருள் சில நாள் அங்கேயே கிடந்து, பெருங்குறை எதுவும் எழவில்லையென்றால்தான் அடுத்த கட்டத்துக்கு ஏறும்.

ஆப்பிள் நிறுவனத்தின் கடையில் செயலி வைப்போர் விரும்பினால், புதுப்பிப்பை 7 நாட்களில் படிப்படியாகப் பரப்பலாம். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்திருப்போரில் முதல் நாள் நூற்றுக்கு 1 பேர், இரண்டாம் நாள் 2, பின்னர் 5, 10, 20, 50; ஏழாம் நாள்தான் நூறு. நடுவில் கூக்குரல் எழுந்தால் மதகை இறக்கிவிடலாம். முதல் நாள் தவறு கண்டால் நூற்றில் ஒருவருக்குத் தொல்லை. தொண்ணூற்றொன்பது பேருக்கு அது செய்தி மட்டுமே.

இதுவே இந்த முறையின் சாரம். பிழையே நேராமல் தடுப்பதன்று இது. நேர்ந்த பிழை ஊரை எரிக்குமுன், அடுப்படியிலேயே அணைப்பது.

ஏட்டுச் சுரைக்காய்

இனிமேல்தான், தோழர்களே, நெஞ்சு கொதிக்கும் செய்தி. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்துக்கு இந்த வாய்க்கால் முறை தெரியாதா? தெரியும். வாடிக்கையாளருக்கு அந்த உரிமையை வழங்கியும் இருந்தது. காவல் நிரலின் புதுப் பதிப்பை உடனே ஏற்கத் துணிந்தவர் ஏற்கலாம். ஒரு பதிப்பு பின்தங்கி வருவேன் என்போர் அப்படியே வரலாம். இரண்டு பதிப்பு பின்தங்கவும் வழியுண்டு. எச்சரிக்கை மிக்க நிறுவனங்கள் பின்தங்கியே வந்தன. வந்தும் வீழ்ந்தன! எப்படி? காட்சியொன்றை எண்ணிப் பாருங்கள். நாடகம் எழுதிப் பழகிய கை. எனக்கு இது இப்படித்தான் தோன்றுகிறது.

மருத்துவமனை அலுவலர்: ஐயா, ஒரு பதிப்பு பின்தங்கி வரத்தானே நாங்கள் இசைந்தோம்?

நிறுவனத்தார்: ஆம் ஐயா. ஏட்டிலும் அவ்வாறே இருக்கிறது.

அலுவலர்: அவ்வாறாயின், இன்று காலை எழுதியது இன்று காலையே எங்கள் கணினிக்குள் எப்படிப் புகுந்தது?

நிறுவனத்தார்: தாங்கள் பின்தங்கச் சொன்னது நிரலை. வந்தது நிரலன்று, உள்ளடக்கம்.

அலுவலர்: எங்கள் கணினியை வீழ்த்தியது எது?

நிறுவனத்தார்: உள்ளடக்கம்.

அலுவலர்: அப்படியானால் எங்களுக்கு எதன்மீதுதான் உரிமை?

நிறுவனத்தார்: வீழ்த்தாத ஒன்றின்மீது!

சிரிப்பு வருகிறதா? அழுகைக்குரிய சிரிப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டில் இருந்த உரிமை அந்த வெள்ளிக்கிழமை காலை எவருக்கும் உதவவில்லை. தலைவாயிலில் பூட்டுப் போட்டுக்கொள்ள வீட்டுக்காரனுக்கு உரிமை தந்துவிட்டு, பின்வாயில் சாவியைத் தன் இடுப்பிலேயே முடிந்து வைத்துக்கொண்டான் காவலாளி.

இந்த நாடகத்தை நாம் அறியாதவர்களா? மாநிலத்துக்கு அதிகாரம் என்று பட்டியலிட்டு எழுதிவிட்டு, மற்றொரு விதியின் சந்துவழியே அதை எடுத்துச் செல்லும் வித்தையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர்களல்லவா நாம்! உரிமை இருக்கிறதா என்று மட்டும் கேட்பவன் ஏமாறுவான். எந்தப் பொருள்மீது இருக்கிறது, எந்தப் பொருள் அதற்குள் அடங்காது என்று கேட்பவனே பிழைப்பான்.

நேர்மையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடம் கற்றுக்கொண்டதாக அந்நிறுவனம் 2024 ஆகத்தில் அறிக்கை தந்தது. உள்ளடக்கக் கோப்புகளையும் இனிப் படிப்படியாகவே அனுப்புவோம், எப்போது ஏற்பதென்று வாடிக்கையாளரே முடிவு செய்ய வழி வைப்போம் என்றது. செப்டம்பர் 24-ஆம் நாள், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னே அதன் உயர் அலுவலர் வந்து மன்னிப்பும் கேட்டார். நன்று. ஆனால் எண்பத்தைந்து இலட்சம் திரைகள் இருண்ட பிறகு அல்லவா அந்த விளக்கு ஏற்றப்பட்டது!

குருவி யார்?

கானரி என்று ஒரு வாய்க்காலின் பெயர் சொன்னேன். அது ஒரு குருவியின் பெயர். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் செல்லும் தொழிலாளி, கூண்டில் அந்தக் குருவியை எடுத்துச் செல்வான். கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்று பரவினால், மனிதன் மயங்குமுன் குருவி மயங்கும். குருவி சாய்ந்தால் தொழிலாளி ஓடித் தப்புவான். பிரிட்டன் நாட்டுச் சுரங்கங்களில் 1986-இல்தான் இந்தக் குருவிக்கு ஓய்வு தர முடிவெடுத்தார்கள்; அதன் இடத்தைக் கருவி எடுத்துக்கொண்டது.

பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவன் இங்கே ஒரு கேள்வி கேட்பான், கேட்கவும் வேண்டும். 'முதற்படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்கிறீரே! படிகளை உடைக்கப் பிறந்த இயக்கமல்லவா நம்முடையது? ஒருவன் முன்னே, ஒருவன் பின்னே என்றால் சமத்துவம் என்னாவது? ஒருவனைக் குருவியாக்கி இன்னொருவன் பிழைப்பதா?'

நல்ல கேள்வி. விடை கேளீர். நாம் வெறுக்கும் படி, பிறப்பால் அமைந்த படி. அதில் நிற்பவன் தானாக வந்து நின்றவனல்லன். நினைத்தால் இறங்கவோ ஏறவோ முடியாது. கீழ்ப்படியில் இருப்பவன் என்றும் மேற்படியைக் காண மாட்டான். இந்தப் படியோ வேறு. கானரி வாய்க்காலுக்கு வருபவன் விரும்பி வருகிறான். விலக நினைத்தால் விலகுகிறான். ஆப்பிளின் ஏழு நாள் முறையில் முதல் நாள் சிக்குபவர்களைக் குலமும் பணமும் பார்த்துப் பொறுக்குவதில்லை. குலுக்கல் போல எடுக்கிறார்கள். ஏழாம் நாள் முடிவில் எல்லோரும் ஒரே தளத்தில் நிற்கிறார்கள். எல்லோரையும் பத்திரமாக ஒரே இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் படி, ஏணிப்படி. ஏணியை எவன் வெறுப்பான்?

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். குருவியாவதற்கு எவனும் தன்னைக் கேட்காமலே ஆக்கப்படக் கூடாது. ஏழையின் கைப்பேசியில் முதலில் சோதிப்போம், கடைக்கோடி ஊரின் அலுவலகத்தில் முதலில் போட்டுப் பார்ப்போம், அங்கே கெட்டால் செய்தித்தாளில் வராது என்று ஒருவன் கணக்குப் போட்டால், அது ஏணிப்படியன்று, பழைய படியேதான்! முதலில் எவன் சோதித்துக்கொள்ள வேண்டும்? செய்தவன்! தான் ஆக்கிய சோற்றைத் தான் முதலில் உண்ண வேண்டும். தன் அலுவலகக் கணினியில் ஏற்றி, தன் மேசையில் அது நிற்பதைக் கண்ட பிறகே அடுத்தவன் வாயிலுக்கு வரவேண்டும். ஆணையிடுவோன் முதலில், விரும்புவோர் அடுத்து, அனைவரும் பிறகு. இதுவே அறம் வகுத்த வரிசை.

விரைவு வேண்டாவா?

மறுப்புரைப்போர் இருக்கிறார்கள். 'பகைவன் வாயிலில் நிற்கும்போது படிப்படியாகக் கதவடைப்பதா?' என்பார்கள். வெறும் வாதமன்று அது. 2017 மார்ச்சு 14-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாமல் பலர் காலம் தாழ்த்தினர். மே 12-ஆம் நாள் வான்னாகிரை என்னும் நச்சு நிரல் அந்த ஓட்டை வழியே புகுந்தது. இங்கிலாந்தின் பொதுமருத்துவத் துறையில் மூன்றில் ஒரு பங்கு மருத்துவ அமைப்புகள் தடுமாறின. தாமதமும் கொல்லும், மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கே தாழ்த்தியது ஏறத்தாழ இரண்டு திங்கள். இங்கே நாம் வேண்டுவது சில மணி நேரம். நெருக்கடியானால் சில நிமிடம். தீயணைக்கும் வண்டிகூடத் தெருமுனையில் திரும்பும்போது வேகத்தைக் குறைக்கிறது. குறைக்காவிட்டால் அதுவே இன்னொரு விபத்தாகும். விரைவு என்பது வேறு. கண்மூடி ஓடுவது வேறு.

படிப்படியாக அனுப்பிவிட்டாலே போதும், பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று நினைப்பதும் மடமை. 2012 ஆகத்து 1-ஆம் நாள், அமெரிக்கப் பங்குச் சந்தையில் வணிகம் புரிந்த நைட் கேபிட்டல் என்னும் நிறுவனம், தன் எட்டுக் கணினிகளில் புது நிரலை ஏற்றியது. ஏழில் ஏற்றியாயிற்று, எட்டாவதில் ஏற்றவில்லை, எவரும் சரிபார்க்கவும் இல்லை. அந்த எட்டாவதில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, கண்டபடி வாங்கியது, விற்றது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று! மதகைத் தூக்கியவன் வாய்க்கால் கரையோரம் கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும் என்பதே அந்தக் கதையின் பாடம்.

செவி வேண்டும்

நடந்து பார்த்தால் மட்டும் போதுமா? கேட்கவும் வேண்டும். 2018 அக்டோபர் 2-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரும் புதுப்பிப்பை வெளியிட்டது. அதை ஏற்ற சிலரின் சொந்தக் கோப்புகள் மறைந்துபோயின. படங்கள், கடிதங்கள், கணக்குகள்! சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தினார்கள். நவம்பர் 13-இல்தான் திருத்தி மீண்டும் தந்தார்கள். படிப்படியாகச் சென்றதால் பாதிப்பு சிறு அளவோடு நின்றது. அது வாய்க்கால் முறையின் வெற்றி.

அதற்குள்ளேயே ஒரு தோல்வியும் ஒளிந்திருந்தது. முன்னோடிச் சோதனைக்கென்று விரும்பி வந்த தன்னார்வலர் சிலர், 'என் கோப்புகள் காணவில்லை' என்று பல திங்களுக்கு முன்பே எழுதியிருந்தார்கள்! ஆயிரமாயிரம் முறையீடுகளுக்கு நடுவே அந்தக் குரல் அமிழ்ந்துபோயிற்று. குருவி கூவியது, சுரங்கக்காரன் செவியில் விழவில்லை. பிறகுதான், முறையிடுவோர் தம் இடர் எவ்வளவு கொடியது என்று குறிக்கவும் ஓர் இடம் வைத்தார்கள். எத்தனை பேர் கூவினார்கள் என்று எண்ணினால் போதாது; ஒருவன் கூவினாலும் எதற்காகக் கூவினான் என்று கேட்க வேண்டும். மக்களாட்சியில் வாழ்வோர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

நமக்கென்ன?

'டெக்சாசில் நடந்ததற்கு நமக்கென்ன?' என்று கேட்பீர்களோ? தோழர்களே, இன்று பட்டாவும் சான்றிதழும் ஓய்வூதியமும் கணினி வழியே வருகின்றன. நியாயவிலைக் கடையில் அரிசி அளக்குமுன் கருவி விரல்ரேகை கேட்கிறது. அந்தக் கருவி ஒரு காலை நேரத்தில் கண்மூடினால், விமானம் தவறிய பயணி மறுநாள் பறப்பான். அரிசி தவறிய தாய் அன்றிரவு எதைப் பொங்குவாள்?

எல்லோர் தலையிலும் ஒரே நேரத்தில் கொட்டுவது மென்பொருள்காரனுக்கு மட்டுமே உரிய பழக்கமன்று. 2016 நவம்பர் 8 இரவு, ஒன்றிய அரசு 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்றது. புழக்கத்திலிருந்த பணமதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு ஓர் இரவில் வெறுந்தாளாயிற்று. 'இரகசியம் வேண்டியிருந்தது' என்றார்கள். ஏற்றுக்கொள்வோம், வாதத்துக்காக. ஆனால் புதிய 2,000 ரூபாய்த் தாளின் அளவு வேறு. நாடெங்கும் உள்ள சுமார் இரண்டு இலட்சம் பணப்பொறிகளின் தட்டுகள் அதற்குப் பொருந்தா. ஒவ்வொன்றையும் ஆள் சென்று மாற்ற வாரக்கணக்கில் ஆகும். ஒரு பொறியில் ஒரு தாளை நுழைத்துப் பார்க்கவுமா இரகசியம் தடுத்தது? இறுதியில், செல்லாதென்ற பணத்தில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் வங்கிக்கே திரும்பிவிட்டதென்று ரிசர்வ் வங்கி கணக்குக் காட்டியது. வரிசையில் நின்றவன் கால்வலிதான் திரும்பவில்லை.

இதற்கு மாறாக இன்னொன்றைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கிற்று. முதற்கட்டம் 1,545 பள்ளிகள். 2023 ஆகத்து 25-ஆம் நாள் திருக்குவளையில் விரிவடைந்தபோது 31,008 பள்ளிகள். முதல் நாளே மாநிலம் முழுவதும் என்று முழங்கியிருந்தால் கைதட்டல் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் பிள்ளையின் தட்டுக்குக் கைதட்டல் வராது. உப்புமாதான் வர வேண்டும்! விடியுமுன் அடுப்பு மூட்டி, மணியடிக்குமுன் பரிமாற வேண்டிய பணியிலே, சிறிதில் கற்றதைக் கொண்டு பெரிதுக்குச் செல்வதே ஆட்சிக்கலை. வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தது வீணுக்கல்ல.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பொதுப்பணத்தில் மென்பொருள் வாங்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், எந்தப் புதுப்பிப்பையும், நிரலாயினும் உள்ளடக்கமாயினும், எல்லாக் கணினிகளுக்கும் ஒருசேர அனுப்பக் கூடாது என்று எழுதப்பட வேண்டும். எந்த வாய்க்காலில் நிற்பது என்பதை விற்பவன் அல்ல, இழப்பைச் சுமப்பவன் முடிவு செய்ய வேண்டும். புதியதை முதலில் ஏற்கும் கணினிகள் தலைமை அலுவலகத்தில் இருக்க வேண்டும். மலையூர் நியாயவிலைக் கடையில் அல்ல. கடைக்கோடி ஊழியன் 'நிறுத்து' என்று கூவினால், அதைக் கேட்டு உடனே மதகை இறக்கும் அதிகாரத்தோடு ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். கருவி வீழ்ந்த நாளில் அரிசியை எழுதிக் கொடுக்க, ஏடும் பேனாவும் ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். விமானப் பயணிக்குக் கையால் சீட்டெழுத முடிந்ததென்றால், குடும்ப அட்டைக்காரிக்கு எழுத முடியாதா?

இவை பொறியாளர் பேச வேண்டியவை, நமக்கேன் என்று ஒதுங்கிவிடாதீர்கள். மின்சாரமும் பேருந்தும் பள்ளிக்கூடமும் அப்படித்தான் ஒருநாள் வல்லுநர் விவகாரமாக இருந்தன. நாம் தெருமுனையில் பேசிப் பேசித்தான் அவை மக்கள் விவகாரமாயின. உங்கள் ஊர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள கணினிக்குப் புதியது எப்போது வருகிறது, எவர் சொல்லி வருகிறது, வேண்டாமென்றால் நிறுத்த இயலுமா என்று கேளுங்கள். விடை தெரியாமல் விழிப்பவரை இகழாதீர்கள்; அந்த விழிப்பே உங்கள் அடுத்த கூட்டத்துக்குப் பொருள்.

நாடகம் நடத்துவோர் அறிவர்: ஒத்திகையில் திரை அறுந்தால், பார்ப்பவர் பத்துப் பேர், சிரித்துவிட்டுத் தைத்துக்கொள்ளலாம். அரங்கேற்றத்தில் அறுந்தால் ஊரே பார்க்கும். அன்று உலகமே பார்த்தது, எண்பத்தைந்து இலட்சம் நீலத் திரைகளை. அடுத்த முறை அறுந்து விழும் திரைக்கடியில் அமர்ந்திருப்பது நம் தாயாக இருக்கலாம். ஒத்திகை எங்கே என்று இன்றே கேட்போம்!